கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

"காலையில நாம போடுற தொடர்கதை அத்தியாயம் சாயங்காலமே ஊர்ல இலவசமா சுத்துது. இந்த வாரத்துக்குள்ள நிறுத்தலைன்னா நீங்க வேற வேலை பார்த்துக்கங்க" என்றார் மேலாளர்.

மின்னூல் செயலிக்குப் பூட்டுப் போடும் பொறியாளர் அன்றே வேலையில் இறங்கினார். அந்தத் தொடர்கதையை நம்பித்தான் நிறுவனமே ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வேலையாக, வரிகளை விரலால் அழுத்தி நகலெடுக்கும் வசதியைப் பிடுங்கினார். திரையைப் படம் பிடித்தால் வெறும் கறுப்புதான் விழும்படி செய்தார். கதை அசராமல் சுற்றியது.

மறுநாள் பக்கங்களை முழுக்கப் படமாகவே மாற்றிவிட்டார். அன்று வீடு திரும்பியவரை டேப்லெட்டும் கையுமாக மாமனார் மறித்தார்.

"மாப்பிள்ளை, எழுத்தைப் பெரிசாக்க முடியலை. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"திருட்டைத் தடுக்கத்தான் மாமா. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க."

"நாள் ரெண்டு போகும். கண்ணு ரெண்டும் அதோட போயிடுமே."

கதை அன்றும் சுற்றியது. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எழுத்துகளைத் துண்டு துண்டாக உடைத்து அனுப்பி, திரையில் மட்டும் ஒட்டிக்கொள்ள வைத்தார். இப்போது எழுத்து எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதானது. ஆனால் மாமனாரின் பழைய டேப்லெட்டில் ஒட்ட மறுத்தது.

"கொம்பு ஒரு பக்கம் போகுது, கால் ஒரு பக்கம் போகுது. இது கதையா, மாட்டுச் சந்தையா?" என்றார் மாமனார்.

திருட்டு மட்டும் அடியோடு நின்றது. மேலாளர் அவர் இருக்கைக்கே வந்து கைகுலுக்கினார். வீட்டிலோ மாமனார் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

நான்காவது நாள் மனைவி பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "ஊருக்குப் பூட்டுங்க, வேண்டாங்கலை. எங்கப்பாவுக்குமா?"

"தெரிஞ்சா வேலை போயிடும்."

"அவர் என்ன திருடவா போறார்?"

பொறியாளர் எழுந்து போய், மாமனாரின் டேப்லெட்டில் மட்டும் எல்லாப் பூட்டையும் திறந்துவிட்டார். எழுத்து பளிச்சென்று வந்து நின்றது. மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க மாப்பிள்ளை" என்று வாழ்த்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புண்ணியம் சேர்ந்த நிறைவில் பொறியாளருக்கு அன்று நன்றாகப் பசித்தது.

மறுநாள் மாலை அழைப்புமணி அடித்தது. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

"இன்னிக்கு அத்தியாயத்தைப் பார்த்து எழுதின நோட்டை உங்க மாமா கடையிலயே விட்டுட்டாரு. வழக்கம்போல நூத்தி இருபது காப்பி போட்டாச்சு, நாளைக்கும் அதேதானான்னு கேட்டுச் சொல்லுங்க."