பேனல் மேல் காயும் நெத்திலி

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அன்பு மச்சான் சேரனுக்கு, சிதம்பரத்திலிருந்து மாமா கலியமூர்த்தி எழுதுவது. இங்கு என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கு நீயும், உன் மகள் கல்யாணப் பெண் சுவேதாவும், உன் போட்டும் நலமாக இருக்கத் தில்லைக் காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். இனிமேல் தயவுசெய்து மீன் அனுப்பாதே. கோபப்படாமல் முழுக்கப் படி. மாடியில் சோலார் போட்டபோது, மானியம் போகக் கைக்காசு பற்றாமல் உன் அக்கா மங்கலத்தின் வளையலை அடகு வைத்தேன். போட்ட பணம் திரும்ப ஐந்து வருடம் ஆகும் என்றார் கம்பெனிக்காரர். நானோ, மிச்சமாகிற கரண்ட் காசில் முதலில் வளையலை மீட்டு, தை மாதம் சுவேதா கல்யாணத்துக்குள் கையில் போட்டுவிடுகிறேன் என்று உன் அக்காவிடம் வாய் கிழியப் பேசிவிட்டேன். மாடி ஏற முழங்கால் விடாது, அதனால் தினமும் போனிலேயே யூனிட் பார்ப்பேன். சித்திரை, வைகாசியில் துள்ளிக் குதித்த யூனிட், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து உன் போட்டு கடலுக்குப் போனதும் படுத்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்த செக்கிங் இன்ஸ்பெக்டர் நான், ஆனாலும் வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஜெயப்பிரகாஷ் என்று ஒரு மெக்கானிக் வந்தார். மாடிக்கு ஏறிய வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"சார், பேனல்ல ஒரு கொறையும் இல்ல. வெயிலுதான் அது மேல படல. பூரா நெத்திலி காயுது."

மங்கலத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மணல்ல காயவச்சா கருவாடு வாயில நறநறங்குது. கண்ணாடியில சுத்தமா காயுது. வெயிலு சும்மாதான வீணா போவுது?" என்றாள்.

"வீணா போவுதா? அந்த வெயிலுக்குத்தான்டி உன் வளையல அடகு வச்சிருக்கேன்!"

விருட்டென்று உள்ளே போய்விட்டாள். தம்பி வீட்டுக் கல்யாணத்தில் கவரிங் வளையலோடு அவள் நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீ மீனை நிறுத்தினால் யூனிட் ஏறும், வளையலும் வரும். என் மானம் உன் கையில் இருக்கிறது மச்சான்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உன் வலையில் நெத்திலி தவிர எல்லா மீனும் விழட்டும்.

இப்படிக்கு,
மாமா கலியமூர்த்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் புறப்பட்டால், வாசலில் தெருப் பெண்கள் பையோடு நிற்கிறார்கள். மணல் இல்லாத கருவாட்டுக்கு ஊரெல்லாம் பேராம். மூக்கைப் பொத்திய ஜெயப்பிரகாஷும் கால் கிலோ வாங்கிப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாமல் இதுவரை கருவாடு விற்ற காசை மங்கலம் என் கையில் வைத்து, "போயி வளையல மீட்டுக்குனு வாங்க" என்றாள். எண்ணிப் பார்த்தேன், வட்டிக்கும் சேர்த்துச் சரியாக இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு நெத்திலியை இரட்டிப்பாக அனுப்பு. பேனலை இனி எனக்கே விட்டுக்கொடுக்கிறாளாம், ஆனால் பக்கத்தில் தனக்கென்று இன்னும் இரண்டு போடச் சொல்கிறாள். "ஒயரு கியரு எதுவும் வேணாம், கண்ணாடி மட்டும் போதும்" என்கிறாள்.