குழாயடியில நான் பண்ணிவெச்ச சமாதானம்

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஸ்டேஷனுக்கு ஒரு குடம் தண்ணி கொண்டாரணும்.

அறுபதுகள்ல நான் செஞ்சியில புது கான்ஸ்டபிள். கோடை வெயில். திண்டிவனத்துலேர்ந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. "பானை காலியா இருந்துதுன்னா, உன்னை ராஜகிரிக் கோட்டை உச்சியில டூட்டி போட்ருவாரு. குழாய் நிக்கறதுக்குள்ள ஓடு!"ன்னாரு ஏட்டய்யா.

அரை டவுசர், தொப்பி, இடுப்புல பித்தளைக் குடம். சிரிக்காதீங்க!

குழாயடியில ரெண்டு பொம்பளைங்க மல்லுக்கு நிக்கறாங்க. பச்சைப் புடவைக்காரம்மா எடம் புடிக்க ஒரு கல்லை வெச்சுட்டுப் போயிருக்காங்க. செவப்புப் புடவை அதைத் தள்ளிட்டுத் தன் குடத்தை வெச்சுடுச்சு.

"அது என் கல்லு!"

"கல்லா தண்ணி குடிக்கப் போவுது?"

என்னைப் பாத்ததும் பச்சை, "போலீஸ்காரரே, நீங்க மொதல்ல புடிச்சிக்கினு போங்க"ன்னாங்க.

பேசாம புடிச்சிருக்கலாம். நான் யாரு! "சட்டத்துக்கு முன்னால எல்லாரும் ஒண்ணு"ன்னு குடத்தைக் கீழ வெச்சேன்.

ஏட்டய்யா ஒரு வித்தை சொல்லிக் குடுத்திருந்தாரு. "லத்தியை எடுக்காத. பொறந்த வூடு எந்த ஊருன்னு கேளு."

கேட்டேன்.

"வல்லம்"னாங்க பச்சை.

"வல்லமா? எங்க சின்னம்மாவ அங்கதான் குடுத்திருக்குது! யாரு வூடு?"ன்னுது செவப்பு.

பேசப் பேச, பச்சை செவப்புக்கு அண்ணி முறை ஆயிட்டாங்க. சண்டை போன எடம் தெரியல. எனக்குப் பெருமை தாங்கல!

"அண்ணி, நீங்க புடிங்க."

"ஐய, நீ புடி கண்ணு."

"நீங்க இருக்கறப்ப நான் புடிப்பனா?"

"இன்னா, என்னை வேத்தாளா நெனைக்கிறியா?"

மறுபடியும் சண்டை! இந்தத் தடவை மரியாதைக்கு.

தொண்டை வத்திப் போச்சு. கடைசியில, ரெண்டு குடத்துலயும் பாதிப் பாதின்னு தீர்ப்பு சொன்னேன். ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. குழாயைத் திருகினேன்.

புஸ்ஸுன்னு காத்துதான் வந்துது.

"உன்னாலதான்யா தண்ணி போச்சு!" அண்ணியும் நாத்தனாரும் ஒண்ணு சேர்ந்து என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க.

ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் வேர்த்து ஊத்தி உக்காந்திருந்தாரு. "தண்ணி எங்கய்யா?"

"தெருவுல சண்டைங்கய்யா. சமாதானம் பண்ணி வெச்சுட்டு வர்றேன்."

"அதையா குடிக்கறது?"

மறுநாள்லேர்ந்து ராஜகிரி உச்சியில காஞ்சேன்.

அப்புறம் சர்வீஸ் முடியற வரைக்கும், குழாயடியில என் குடத்தை ரொப்பிட்டுத்தான் சட்டம் பேசினேன்.