அப்பீல் அண்ணையும் ஐந்தாம் நம்பரும்

அப்பீல் அண்ணை பலேர்மோவில் இருந்தவரை அந்த நகரத்தில் எந்த முடிவும் முதல் நாளிலேயே முடிவானதில்லை. வானம் மழை என்று தீர்ப்புச் சொன்னாலும், இவர் குடையை விரிக்காமல் நின்று, இன்னொரு முறை யோசித்துப் பார்க்கும்படி கேட்பார் என்றே நாங்கள் நம்பினோம்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் பாவித்ததில்லை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், ஆனாலும் எனக்கும் அவர் அண்ணைதான். எங்கள் நாட்டுத் தீவுப் பகுதியிலிருந்து வந்து, பலேர்மோவில் ஒரு வயதான சிஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் சமையலும் துப்புரவும் செய்தார். நான் ஊரில் புவியியல் படிப்பித்துவிட்டு, அங்கே ஒரு வழக்கறிஞரின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். எல்லோரும் என்னை மாஸ்டர் என்றார்கள். எதற்கு மாஸ்டர் என்று ஒருவரும் கேட்காதது பெரிய உதவி.

பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள் பரிசோதகர் அவரைப் பிடித்தார். டிக்கெட்டில் முத்திரை விழவில்லை. இயந்திரத்தில் மை இல்லை, அதற்கு நான் என்ன செய்ய என்றார் அண்ணை. பரிசோதகர் தண்டம் என்றார். அண்ணை அப்பீல் என்றார். இரண்டு தரிப்பிடம் போவதற்குள் பஸ் முழுவதும் இரண்டு கட்சியாகிவிட்டது. மூன்றாவது தரிப்பிடத்தில் சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டு எழுந்து வந்து தன் கருத்தையும் சொன்னார். கடைசியில் இறங்கிப் போனவர் பரிசோதகர்தான்.

பாவசங்கீர்த்தனத்திலும் அப்படியே. பங்குச் சுவாமி ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லச் சொன்னால், பாவத்தின் அளவையும் தன் வேலை நேரத்தையும் எடுத்துச் சொல்லி அதைப் பத்து மணியாகக் குறைப்பித்துக்கொண்டுதான் வெளியே வருவார். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் நின்ற நிலையிலேயே மனந்திரும்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எங்களுக்கு ஒரு உதைபந்தாட்ட அணி இருந்தது. பங்குக் கோயில் யாரோ விளையாடிக் கழித்த பதினொரு சட்டைகளைத் தந்திருந்தது. சரியாகப் பதினொன்று. வீட்டு வேலைக்காரரில் சிலருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு, சிலருக்கு ஞாயிறு. ஆகவே அணியும் இரண்டாகத்தான் விளையாடியது. ஐந்தாம் நம்பர் சட்டையை ஞாயிற்றுக்கிழமைகளில் மன்னார் அன்ரன் போட்டான், வியாழக்கிழமைகளில் அப்பீல் அண்ணை போட்டார்.

அன்ரன் அழகான தடுப்பாட்டக்காரன். பூசை முடிந்து பற்றிஸ் சாப்பிட்டபடி சனம் நின்று பார்த்துக் கைதட்டும். வியாழக்கிழமை பார்க்க வருவது துறைமுகப் பக்கத்து நாய்கள் மட்டும்தான். அண்ணையும் தடுப்பாட்டக்காரர்தான். ஆனால் எதிரணி பந்தோடு வந்தால் அவர் கால் அசையாது, வலது கைதான் உயரும். ஓஃப்சைட் என்று அப்பீல் கேட்டுக்கொண்டு நிற்பார். அந்தக் கைக்குக் கீழால் குனிந்து போய்க் கோல் அடித்துவிட்டு வருவார்கள்.

ஒருமுறை துறைமுகத்துச் சுமையாளிகளோடு விளையாடி, ஆறுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். நடுவர் அந்தத் தெருவில் பாண் போடுகிறவர். மூன்றாவது கோலை அடித்தவனின் சப்பாத்து அடிக்கும்போது கழன்று விழுந்துவிட்டது, ஒற்றைச் சப்பாத்தோடு அடித்த கோல் செல்லாது என்பது அண்ணையின் வாதம். அப்படி ஒரு சட்டம் இல்லை என்றார் நடுவர். செல்லும் என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டார் அண்ணை. மறுநாள் பேக்கரிக்குப் போய் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பாணுக்குப் பதிலாக அந்தக் கோலைக் கேட்டார். முடியாது என்றதும் அவர் எல்லா அலுவலக ஜன்னல்களிலும் சொல்கிற அதே வசனத்தைச் சொன்னார்: "நல்லது. நாளைக்கும் வாறன்."

நாளைக்கும் போனார். பின்னால் நின்ற பெண்களும் சப்பாத்து விஷயத்தில் சண்டை பிடிக்கத் தொடங்க, நடுவர் மாவுக் கையைத் தலைக்குமேல் தூக்கி, சரி, ஐந்து கோல்தான், பாணை எடுத்துக்கொண்டு போ என்றார். அண்ணை எங்கள் அறைக்கு வந்து, ஐந்துக்குப் பூச்சியம் என்று அறிவித்தார். அவர் முகம் வென்றவனின் முகமாக இருந்தது.

அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும் தானாக அல்ல. நடுவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறத் தொடங்கியதால் நாங்கள் அவரை நிறுத்தினோம். அதே வருடம் அன்ரனும் முழங்கால் நோவினால் நின்றுவிட்டான்.

என் கதைக்கும் வருகிறேன். ஒரு ஆகஸ்ட் மாதம் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். வேலை தருபவரின் கையெழுத்து இல்லை என்று ஜன்னலில் திருப்பிவிட்டார்கள். அது சரியான காரணம்தான். வழக்கறிஞர் குடும்பத்தோடு கடற்கரையில் இருந்தார், தவணையோ முடியப் போகிறது. நான் படித்தவன், ஆகவே தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். துணைக்கு வந்து வாசலில் நின்ற அண்ணை என் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிப் போனார். நாளைக்கும் வாறன் என்றார். நாளைக்கும் போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். கடைசியில் அவரைத் தூரத்தில் கண்டதுமே ஜன்னலில் இருந்தவர் பெருமூச்சு விட்டு, கையெழுத்து வரும்வரை தவணை கொடுத்தார். நான் அந்த நாட்டில் தங்கியது அந்தப் பெருமூச்சினால்தான்.

அந்தக் காலத்தில்தான் இத்தாலியின் வடக்கே ஒரு பெரிய கழகம், ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் நம்பரை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த செய்தி தொலைக்காட்சியில் வந்தது. நாங்களும் விடுவோமா? ஐந்தாம் நம்பரைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுப் பங்கு மண்டபத்தில் மாட்டுவது என்று தீர்மானித்தோம். கீழே பெயர் எழுத வேண்டும். யாருடைய பெயர்?

முடிவு செய்ய மூன்று பேர்: சுவாமி, மளிகைக்கடை சோதி, நான்.

அந்தக் கிழமை அப்பீல் அண்ணை யாரோடும் வழக்காடவில்லை. தலைமுடி வெட்டிக்கொண்டார். ஒருநாள் என்னிடம் மெதுவாக வந்தார்.

"மாஸ்டர், பேரை எழுதினால் முழுப்பேரையும் எழுதுவினமோ?"

"ஏன் அண்ணை?"

"இல்லை, அப்பீல் எண்டு எழுதிப்போடாதையுங்கோ. இந்த ஊரிலை என்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை. வாசலிலை மணி அடிக்கிற இடத்திலை சிஞோராவின்ரை பேர். கடிதம் வாறதும் கோயில் விலாசத்துக்கு."

அன்ரனும் வந்தான். நம்பர் தனக்கில்லை என்றால் தானும் கோயில் பக்கம் வரமாட்டேன், அணியில் இருக்கும் தன் தம்பிமார் மூன்று பேரும் விளையாடமாட்டார்கள் என்றான். இரண்டு பேரையும் எழுதினால் என்ன என்று கேட்டேன். வடக்கே இரண்டு பெயரா எழுதினார்கள் என்று திருப்பிக் கேட்டான்.

சோதி அன்ரனுக்கு வாக்களித்தார். சுவாமி அப்பீல் அண்ணைக்கு வாக்களித்தார். மழை வியாழனில் நனைந்தவன் அவன்தான், அதோடு தோற்றால் அவன் என்னிடம்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவான் என்றார். மிச்சம் என் வாக்கு.

நான் அன்ரனுக்குப் போட்டேன். அணி உடைந்துவிடும் என்று பயந்தேன். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு யோசனையும் என்னிடம் இருந்தது. அப்பீல் அண்ணை எப்படியும் அப்பீலுக்கு வருவார். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் அவர் பெயரையும் சேர்த்தோம் என்று அன்ரனிடம் சொல்லிவிடலாம். பழி அவர் மேல் போகும், நீதியும் நடந்துவிடும். அதற்காக அன்ரனின் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டே எழுதுவித்தேன்.

மண்டபத்தில் முடிவை நான்தான் வாசித்தேன். வாசித்ததும் சனம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் எழுந்தார். இனி இரவுச் சாப்பாடு இல்லை என்று யாரோ முனகினார்கள். அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நேரே வந்து, சட்டத்தை மாட்டுவதற்கு நான் ஏறி நின்ற கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

நான் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "என்ன அண்ணை, ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல?"

"அப்பீல்?"

அவர் சிரித்தார். "என்னைத் தெரியாத ஆக்களிட்டைத்தான் மாஸ்டர் நான் அப்பீல் போறது. உங்களுக்கு என்னைத் தெரியுந்தானே. தெரிஞ்சுதானே முடிவு செய்தனீங்கள். ஆணி கொஞ்சம் சரிவா நிக்குது, பாருங்கோ."

நான் ஆணியை நிமிர்த்தினேன். மூன்று நாள் காத்திருந்தேன். பிறகு மூன்று கிழமை. அவர் வரவில்லை.

மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் நம்பர் கண்ணாடிக்குள் போனதால் எங்களுக்குச் சட்டை பத்துதான் மிஞ்சியது. அடுத்த வியாழன் ஒருவன் சமையல்காரரின் வெள்ளைச் சட்டையோடு இறங்கினான். எதிரணி அவனைச் சோடா கொண்டுவந்தவன் என்று நினைத்து விட்டுவிட, அவன் தனியாகப் போய்க் கோல் அடித்தான். அந்த வருடத்தில் எங்கள் ஒரே கோல். சட்டைக்கு நம்பர் இல்லை, கோல் செல்லாது என்றார் நடுவர். நாங்கள் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கோட்டுக்கு வெளியே திரும்பிப் பார்த்தோம். அப்பீல் அண்ணை அங்கே இல்லை. கோல் செல்லாமலே போயிற்று.

சில மாதங்களில் அவருடைய சிஞோரா மகளோடு இருக்க ஜெனோவாவுக்குப் புறப்பட்டார். அண்ணையும் கூடப் போனார். நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. வேலை இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். வேலை இருக்கவில்லை. சிஞோராவின் பெரிய அலுமாரியை ஏற்ற முடியாது என்று கப்பல்காரர்கள் சொன்னதாகவும், கப்பல் பிந்திப் புறப்பட்டதாகவும், அலுமாரி அதில் போனதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது பங்கு மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். சட்டத்தைக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறார்கள். அன்ரனின் பெயருக்குக் கீழே அந்த ஒரு வரி இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அண்ணையின் முழுப்பெயரை இங்கே நான் எழுதவில்லை. முதலில் அது எழுதப்பட வேண்டிய இடம் அந்த வரிதான்.

போன ஞாயிறு புதிய நிர்வாகத்துப் பிள்ளைகளிடம் போய், அந்தப் பெயரையும் எழுதும்படி கேட்டேன். அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள்: "அது முடிஞ்சுபோன விஷயம் மாஸ்டர்."

தலையைக் குனிந்துகொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போனேன்.

"நல்லது," என்றேன். "நாளைக்கும் வாறன்."