என் ஒறுத்தலைக் கெடுத்த கஞ்சி

இந்த விஷயத்தில் என் மீது எந்தத் தப்பும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. அது அவர்கள் குணம்.

அந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு முகப்பேர் ஃபிளாட்டின் ஹாலில் நின்று அறிவித்தேன்: “தவக்காலம் முடியற வரைக்கும் இந்த வீட்ல கறி, மீன், முட்டை கிடையாது. எனக்கு தினமும் ஒருசந்தி. ஒரே வேளைதான் சாப்பாடு.” (வீடு அக்காவுடையது. நான் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தவன். பக்தி முற்றினால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.)

சொன்னபடி இருந்தேன். ரம்ஜானும் சேர்ந்து வந்த வருடம் அது. அம்பத்தூர் எஸ்டேட் ஆபீசில் என் பக்கத்து சீட் பஷீர் பாய் சாயங்காலம் நோன்பு திறக்கும்போது, நானும் அவரோடு உட்கார்ந்து பள்ளிவாசல் கஞ்சியில் என் ஒரு வேளையை முடித்துக்கொள்வேன். கஞ்சியைவிட எளிய சாப்பாடு உண்டா? பங்குச் சாமியாரே அசந்துபோய், குருத்து ஞாயிறன்று இளைஞர்களுக்கு ஒறுத்தலைப் பற்றி, அதாவது ஆசையை அடக்குவதைப் பற்றி, பேசச் சொல்லியிருந்தார். கண்ணாடி முன் நின்று ஒத்திகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா வீட்டுக்காரர் சவரி மாமா துரோகம் செய்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில், என் கண்ணெதிரே, முட்டை பப்ஸ்!

“இன்னா மாப்ள மொறைக்கிற? உள்ள பாதி முட்டைதான் கீது. முட்டை துன்னலாம்னு சாமியாரே சொல்லிகீறாரு” என்றார், உதட்டில் ஒட்டிய தூளைக்கூடத் துடைக்காமல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர். இவருக்குப் பப்ஸ்!

அடுத்த வெள்ளி எங்கள் வீட்டில் அன்பியச் சிலுவைப்பாதை. (சிலுவைப்பாதை என்றால் இயேசுவின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களாகத் தியானிக்கும் ஜெபம். அன்பியம் என்றால் எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக்குழு. யார் வீட்டு ரகசியமும் அங்கே தங்காது.) அதற்காக ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்திருந்தேன். கடைசியில் மன்றாட்டு சொல்வது என் முறை.

“பப்ஸ் ஆசையால் தடுமாறும் குடும்பத் தலைவர்களுக்காக, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்” என்றேன்.

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, மொத்தக் கூட்டமும் மாமாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் தலை குனிந்தது. எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம்.

காலிங்பெல் அடித்தது. கையில் தூக்குவாளியோடு பஷீர் பாய்.

“தம்பி, கஞ்சி குடிக்காமலே கெளம்பிட்டீங்க. மனசு கேக்கல.”

விடுவேனா? “பாருங்க, இதுதான் நோன்பு! மூணு வாரமா வெறும் கஞ்சிதான் குடிக்கிறேன்” என்று கூட்டத்தைப் பார்த்து, முக்கியமாக மாமாவைப் பார்த்து, முழங்கினேன்.

எல்லோருக்கும் ஊற்றலாம் என்று கரண்டியை விட்டுக் கலக்கிய அக்கா, சட்டென்று நிறுத்தினாள். “பாய், இதுல என்ன கெடக்கு?”

“கைமாம்மா. மட்டன் கைமா. எங்க பள்ளியில தாராளமா போடுவாங்க. தம்பிக்கு அதுன்னா உசுரு. தெனமும் அடியிலேர்ந்து அள்ளி ஊத்தச் சொல்வாரு.”

(மீல்மேக்கர் என்றுதான் நினைத்தேன். பசியில் கிடப்பவன் உட்கார்ந்து ஆராய்ச்சியா செய்வான்?)

“முன்னாடியே சொல்லக் கூடாதா பாய்?” என்று கத்தினேன்.

“நீங்க கேக்கவே இல்லியே தம்பி” என்றார் அவர், பாவம், நிஜமாகவே குழம்பிப்போய்.

கஞ்சி என்றால் அரிசி, தண்ணீர், உப்பு. அதற்குள் ஆட்டை இறக்கிவிட்டு என்னைக் குற்றவாளியாக்கினால் எப்படி? இதை அங்கேயே கேட்டிருப்பேன். அதற்குள் மாமா மெதுவாக எழுந்து, சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

“அடியிலிருந்து அள்ளச் சொல்பவர்களுக்காக, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” பதினான்கு ஸ்தலத்திலும் இத்தனை சத்தமாக யாரும் ஜெபிக்கவில்லை. என்னவென்று புரியாமல் பாயும் சேர்ந்து சொன்னார்.

குருத்து ஞாயிறு பேச்சு மாமாவுக்குப் போனது. பொறுமையைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார், அது இன்னும் எரிச்சல்.

அதன்பிறகு ரம்ஜான் வந்தால் பாய் எங்கள் வீட்டுக்கு இரண்டு தூக்குவாளி கொடுத்தனுப்புகிறார். கைமா போடாததில் ‘சைவம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மற்றதில் என் பெயர்.