பொங்கி வழிந்த மானம்

உலகத்தில் இன்றைக்கு மிச்சமிருக்கிற மானத்தில் முக்கால் பங்கு கொச்சி மட்டாஞ்சேரியில், எண்ணெய்க்கடை இசக்கிதுரை அண்ணாச்சி ஒருவரிடமே இருக்கிறது. வல்லார்பாடம் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்கள் எல்லாம் சரக்கை இறக்கிவிட்டு அண்ணாச்சியின் மானத்தை ஏற்றிப் பார்த்தாலும் பாதிதான் ஏறும். மீதியை வைப்பின் தீவுக்குப் போகிற படகில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்த வேண்டியிருக்கும். இவ்வளவு பெரிய சாமானைத் தெருவில் வைத்திருந்தால் என்ன ஆகும்? தினமும் யார் காலாவது பட்டுவிடும்.

இந்த இனத்துக்கு மானநஷ்டக்காரர் என்று பெயர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். சந்தேகமிருந்தால் சாயாக்கடையில் வைத்து, மீசை இன்றைக்குக் கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று சொல்லிப் பாருங்கள். கிளாஸ் அந்தரத்தில் நிற்கும். கண் சுருங்கும். பக்கத்தில் பழம்பொரி தின்றுகொண்டிருக்கிற அப்பாவியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்கள்ல? நீங்கதான் சாட்சி" என்று அங்கேயே நியமித்துவிடுவார். பிறகு, மெதுவாக, "நோட்டீஸ் வரும்" என்பார். முடிவெட்டுகிறவருக்கு நோட்டீஸ் வரும். கல்யாணப் பத்திரிகையில் பெயரைக் கீழே போட்டவருக்கு நோட்டீஸ் வரும். சர்க்கரை அதிகம் என்று எழுதிக் கொடுத்த லேப்காரரைக்கூட அண்ணாச்சி விடவில்லை. தன் இரத்தத்தைப் பற்றி எழுத்திலேயே தப்பாகப் போட்டுவிட்டான் என்று தெரு முழுக்கச் சொன்னார். இதுவரை யாருக்கும் ஒன்றும் வரவில்லை. அது வேறு விஷயம்.

சரி, இதே அண்ணாச்சி வாயைத் திறந்தால்? வார்டு மெம்பர் ஓடைக்கு வந்த சிமெண்டைத் தின்றார், மீன்காரர் ஐஸை விற்றுவிட்டு மீனைக் கொசுறாகத் தருகிறார், எதிர்வீட்டு தங்கப்பன் சேட்டன் ஒரே கல்யாணத்தில் எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்தார் என்று மூச்சு விடாமல் வந்துகொண்டே இருக்கும். யாராவது புருவத்தைத் தூக்கினால், "பேச்சுச் சுதந்திரம்ப்பா, அரசியல் சட்டத்துலயே இருக்கு" என்பார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டதால் அந்தச் சட்டத்தை நான் படித்ததில்லை. அண்ணாச்சியைப் பார்த்தால் அது ஒரே ஒரு நாக்குக்காக எழுதியது மாதிரிதான் இருக்கிறது. கடையில் எண்ணெய் அளந்து ஊற்றுகிற அவர் மனைவி மாயம்மாள் மதினி வரைக்கும்கூட அது வந்து சேரவில்லை. மதினி "இங்கேருங்க" என்று ஆரம்பித்தாலே, "நீ சும்மா இரு".

தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து, தெருமுனையில் பஜ்ஜி வண்டி போட்டிருக்கும் காளியம்மாள் அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு சாயங்காலம் அவள் சட்டியில் எண்ணெய் சோப்பு நுரை மாதிரிப் பொங்கி வழிந்தது. வரிசையில் நின்றவர்கள் என்ன ஏது என்று கேட்க, அண்ணாச்சி கடைத் தேங்காய் எண்ணெய்தான், பாமாயில் கலந்திருக்கும் போல என்று சொல்லிவிட்டாள்.

கரண்டியைக் கீழே வைப்பதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். நோட்டீஸ் வரும், கோர்ட்டு வரும், வண்டி ஜப்தியில் போகும். மற்றவர்கள் என்றால் சிரித்துவிட்டு இன்னொரு பஜ்ஜி கேட்டிருப்பார்கள். அக்கா நம்பிவிட்டாள். வீட்டு வாடகையும் மகள் படிப்பும் அந்த வண்டியில்தான் ஓடுகிறது. மறுநாளே வண்டிக்குப் பூட்டுப் போட்டு, தொட்டால் குற்றம் என்கிற மாதிரி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ரஜிதா வக்கீலிடம் போனோம். அக்காவுக்கு மலையாளம் போதாது என்று நானும் கூடப் போனேன். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சேச்சிக்கு சம்சாரிக்கான் அவகாசம் உண்டு. பறஞ்ஞது சத்யமாணெங்கில் பேடிக்கண்டா." மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு, அவகாசம் என்றால் உரிமை. பேசுகிற உரிமை உனக்கு உண்டு, சொன்னது உண்மையென்றால் பயப்பட வேண்டாம் என்கிறார். ஆனால் உண்மை என்று காட்ட வேண்டும், கலந்ததைப் பார்த்த ஆள் யாராவது உண்டா என்றும் கேட்டார். யார் இருக்கிறார்கள்?

அக்காவின் காதில் விழுந்தது வேறு. திரும்பி வரும்போது வழியெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தாள். நல்ல சட்டமாக இருக்கிறதே என்றாள். நான் திருத்தியிருக்கலாம். எதற்கு?

நேரே எண்ணெய்க்கடை. "அண்ணாச்சி, வக்கீலம்மா சொல்லிட்டாக. உங்க சம்சாரத்துக்கு அவகாசம் குடுக்கணுமாம். சட்டமே அப்படித்தானாம்."

அண்ணாச்சி திகைத்தார். அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர்; அக்கா என்ன கேட்டு என்ன புரிந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குப் பிடிபடுவதற்குள் உள்ளேயிருந்து மதினி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"யாரு, எனக்கா? சட்டமே குடுத்திருக்கா?"

"நீ சும்மா—"

"நீங்க சும்மா இருங்க. ஓணத்துக்கு முந்தி தேங்காய் விலை ஏறினப்போ டிரம்முல பாமாயிலை ஊத்துனது நீங்கதான? வேண்டாம், ரெண்டும் கலந்தா சட்டியில பொங்கும்னு சொல்ல வந்தேன். சொல்ல விட்டீங்களா?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அத்தனை பேரும் சாட்சி. சொந்தச் சம்சாரத்தின் மேல் கேஸ் போட்டால் ராத்திரிச் சாப்பாடு எங்கே என்று அண்ணாச்சி யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் நல்ல எண்ணெயாக ஒரு டின் வண்டிக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தது அண்ணாச்சிதான். சொல்லி அனுப்பியது மதினி. பூட்டு திறந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் மச்சினரைப் பற்றி நீங்கள் போட்டது கருத்து. அவர் உங்களைப் பற்றிப் போட்டது அவதூறு. இல்லையா? எதற்கும் மீசையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதி அண்ணாச்சியிடமே வாசித்துக் காட்டினேன். குதிப்பார் என்று வாசல் பக்கமாகத்தான் நின்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"எல்லாம் சரி. ஒண்ணை விட்டுட்ட. வண்டி பூட்டிக் கிடந்தப்போ மழை கொட்டிச்சே. ஸ்டவ் நனையும்னு உன் மழைக்கோட்டைக் கழட்டி அதுமேல கட்டிட்டு, தொப்பலா நனைஞ்சு போன பையன் யாரு? கடையிலிருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதையும் எழுது."

"அதெல்லாம் வெளியில சொல்லாதீங்க அண்ணாச்சி. என் பேரு கெட்டுப்போகும்."

அண்ணாச்சி சாயாவை ஒரு மிடறு குடித்தார்.

"வக்கீல் நம்பர் தரட்டுமா?"