பிள்ளையார் சுழி போட்ட மெஷின்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. வெளியே பனி இறங்குகிறது. கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். ஒரு மெஷினோடு மல்லுக்கட்டிய மனுசனின் கதை ஒன்று வைத்திருக்கிறேன். சிரிக்கத்தான் சொல்கிறேன். சிரித்து முடித்ததும் அவரவர் வீட்டு ஆட்களின் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சேர், மெஷின் பிள்ளையார் சுழி போடுமா?"

புவனேந்திரன் கேட்ட கேள்விக்கு மனேஜர் வீரசிங்கம் தலை நிமிரவே இல்லை.

பழைய துரைமார் பங்களாக்களைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற பதுளைக் கம்பனி அது. இன்டர்நெட்டில் மூன்று மொழியிலும் அதற்குப் பக்கம் உண்டு. இங்கிலீஷில் வருவதைத் தமிழாக்கிப் போடுவது புவனேந்திரனின் வேலை. இரண்டாயிரத்து ஏழாம் வருசம் கொழும்பிலிருந்து ஒருவன் வந்தான். தங்களிடம் மூளையுள்ள கம்ப்யூட்டர் இருக்கிறதாம். ஈமெயிலில் இங்கிலீஷை அனுப்பினால் அதுவே தமிழாக்கித் திருப்பி அனுப்புமாம். வீரசிங்கம் மயங்கிவிட்டார். மூன்று மாதம் பார்ப்பது, மெஷின் தேறினால் புவனேந்திரனுக்கு விடை கொடுப்பது என்று முடிவாயிற்று.

முதல் நாள் வந்த தமிழ்ப் பக்கத்தின் உச்சியிலேயே கம்பீரமாக ஓர் 'உ' உட்கார்ந்திருந்தது.

"இது மனுசன் கை, சேர். மெஷினுக்கு ஏது பிள்ளையார்?"

"செய்தவன் சாமி கும்பிடுறவனா இருப்பான், ஐசே. எழுத்தைப் பாரும், எவ்வளவு வடிவா இருக்கு! உமக்குப் பொறாமை."

சந்தேகம் சொல்லப் போய், கையில் மிச்சமிருந்த வேலையும் அன்றைக்கே மெஷினுக்குப் போயிற்று. புவனேந்திரனுக்குத் தன் மேசையைத் துடைக்கிற வேலை மட்டும் மிஞ்சியது.

அவன் குடியிருந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஸைனப்பின் கம்யூனிகேஷன் கடைக்கு மேல்மாடியில். போன் பேச, பேக்ஸ் அனுப்ப, ஈமெயில் பார்க்க ஊரே வந்து போகிற கடை. அவன் மனைவி விஜயலெட்சுமி நமுனுகுல தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கலியாணத்துக்கு முன் அங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்துக் கொடுத்தவள். 'நான் சம்பாதிக்கிறப்ப நீ எதுக்கு?' என்று புவனேந்திரன்தான் அதை நிறுத்தினான். பகலில் பொழுது போகாமல் அவள் ஸைனப்போடு பேச்சுத் துணைக்கு இறங்கிப் போவாள்.

"அந்த மெஷினை ஒடைச்சுப் போடணும் லெட்சுமி."

"பாவங்க. அதுவும் பொழைக்கத்தானே வந்திருக்கு."

"மெஷினுக்கு என்ன பொழப்பு? எனக்கு வேலை போயிரும் புள்ள!"

"போனா போகட்டும். நான் சம்பாதிச்சுக் கஞ்சி ஊத்துறேன்."

"நீயா?"

சிரித்த சிரிப்பில் புவனேந்திரனுக்குப் பிளேன்டீ மூக்கில் ஏறிவிட்டது. விஜயலெட்சுமி முதுகில் தட்டிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

அடுத்த மாதம் நமுனுகுலயில் மாரியம்மன் திருவிழா. புவனேந்திரன் லீவு போட்டு மனைவியோடு போய், தீமிதி பார்த்து, நெற்றியில் திருநீறு கலையாமல் ஆபீசுக்குத் திரும்பினான். வீரசிங்கம் வாசலிலேயே நின்றார்.

"மெஷின் ரெண்டு நாளாப் பழுது. நீர் லீவில நிண்ட அதே ரெண்டு நாள்."

"அதைத்தான் சேர் நானும் சொல்றேன்! தீமிதிக்கு லீவு போடுற மெஷின் எங்கயாச்சும் உண்டா? இது நம்ம பக்கத்து ஆளு!"

"இல்லை ஐசே. நீர்தான் ஏதோ செய்துபோட்டுப் போயிருக்கிறீர். ஆள்தான் எண்டா வாற வெள்ளிக்குள்ள எனக்குக் காட்டும். இல்லாட்டி மூண்டு மாசம் முடியும் வரைக்கும் நீர் இருக்கத் தேவையில்லை."

வாயைக் கொடுத்து வேலைக்கே உலை வைத்துக்கொண்டான். கோயிலில் பார்த்த முகங்களையெல்லாம் மனசில் ஓட்டினான். தீச்சட்டி எடுத்தவன், மேளம் அடித்தவன், விபூதி கொடுத்த பூசாரி, ஒருவரையும் விடவில்லை. எல்லாருமே கள்ள மெஷின்களாகத் தெரிந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அவன் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது விஜயலெட்சுமி பிடித்துத் தள்ளாத குறை.

"ஏழரைக்கு ராகு காலம் பொறக்குதுங்க! பொத்தானைப் படியில போட்டுக்கலாம், முதல்ல எறங்குங்க!"

பாதிப் படியில் நின்று பொத்தான் போட்டவனுக்கு மூளையில் மின்னல் வெட்டியது. மனுசராகப் பிறந்த எவரும் இதைத் தாண்ட மாட்டார்களே!

ஆபீசுக்குப் போனதும் இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு எழுதினான்: புது பங்களா திறப்பு விழா, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரைக்குக் குத்துவிளக்கு ஏற்றப்படும். செவ்வாயில் மூன்றிலிருந்து நாலரை வரை சுத்தமான ராகு காலம். மெஷினுக்கு அனுப்பிவிட்டு நகம் கடித்தபடி காத்திருந்தான்.

பின்னேரம் தமிழ் வந்தது. 'செவ்வாய்க்கிழமை மாலை நாலே முக்காலுக்கு.'

"சேர்!" புவனேந்திரன் எழுந்து ஓடிய ஓட்டத்தில் உட்கார்ந்திருந்த கதிரை கவிழ்ந்தது. "மூன்றரைன்னு குடுத்தேன். நாலே முக்கால்னு மாத்தியிருக்கு. காலண்டரைப் பாருங்க!"

வீரசிங்கம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் காலண்டரைப் பார்த்தார்.

"ஓம்... மெஷினுக்கு ராகுவோட என்ன பயம்?"

கொழும்புக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மென்று விழுங்கியது. கடைசியில், "ஆள் வச்சுத்தான் செய்றோம் சேர். ஆனா ரொம்ப நல்ல ஆள்" என்றது.

"ஒப்பந்தம் முடிஞ்சுது. அந்த ஆளை இப்பவே நிப்பாட்டும்!" வீரசிங்கம் போனை அறைந்து வைத்தார். "புவனேந்திரன், உம்மட வேலைக்கு இனிப் பயமில்லை. கெட்டிக்காரன்தான் ஐசே நீர்."

அன்றைக்கு அவன் கால் தரையில் படவில்லை. ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பும் இரண்டு முழம் பூவும் வாங்கினான். 'நீயா கஞ்சி ஊத்துவ?' என்று கேட்டுக்கொண்டே ஒரு துண்டு ஊட்டிவிட வேண்டும் என்று சிரித்தபடி மாடிப்படியில் கால் வைத்தான்.

கடைக்குள்ளிருந்து ஸைனப் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. கொழும்புக் கம்பனியில இருந்து போன் வந்திச்சு. நாளையில இருந்து மெஷின் வரத் தேவையில்லையாம். அக்காட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்குச் சொல்ல மனசு வரல."

உங்கள் வீட்டு அடுப்பில் எந்நாளும் உலை கொதிக்கட்டும், கண்ணுகளா. ஒருவர் ஊற்றுகிற கஞ்சியை இன்னொருவர் தெரியாமல் தட்டிவிடாமல், எல்லாரும் வயிறு நிறைய, மனசு நிறைய இருங்கள்.