டிரையர் அண்ணனும் வாய் திறக்காத இரும்பும்

சென்னைக் காற்றோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்ற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சைதாப்பேட்டைக்காரர். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. கையில் மட்டும் எந்நேரமும் ஒரு ஹேர் டிரையர். அடையாறு பக்கம் நான் ஆராய்ச்சி மாணவியாகக் குப்பை கொட்டிய வேதியியல் ஆய்வகத்தில் அவர்தான் எல்லோருக்கும் சீனியர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எங்களுக்கு அவர் டிரையர் அண்ணன்.

அந்த டிரையர் கல்யாணத்தில் மாமியார் வீட்டுச் சீராக வந்ததாம். “அப்போ முடி இருந்துச்சிம்மா. முடி பூட்ச்சி, மெசின் நல்லா கீது. தூக்கியா போட முடியும்?” என்பார். சோதனைக் குழாய், குடை, செய்தித்தாள், கேன்டீன் அப்பளம் என்று அவர் ஊதிக் காயவைக்காத பொருளே இல்லை. ஒரு மழை நாளில் மந்தைவெளியிலிருந்து தொப்பலாக நனைந்துபோன என்னை வாசலிலேயே நிறுத்தி, துப்பட்டா முதல் செருப்பு வரை ஊதிய பிறகுதான் உள்ளே விட்டார்.

“தும்மல் வந்தா வெளிய போய்த் தும்மு. உள்ள என் இரும்பு கீது.”

அந்த இரும்புக்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும். இரும்பு பார்ஃபிரின் என்பது நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு நெருங்கிய சொந்தம். டீக்கடையில் அண்ணன் ஒரு மெதுவடையைத் தூக்கிப் பிடித்து எங்களுக்கு விளக்குவார். “இதான் பார்ஃபிரின். வளையம். நடு ஓட்டையில ஒரு இரும்பு குந்திக்கினு கீது.”

டீக்கடைக்காரர் பதறிவிட்டார். “யோவ் நைனா, என் வடையில இரும்பு கீதுன்னு நாலு பேர் முன்னால சொல்லாத. கடைய மூட வெச்சிருவாங்க.”

அந்த இரும்பின் எலெக்ட்ரான்கள் ஜோடியாக இருக்கின்றனவா, தனித்தனியாக இருக்கின்றனவா என்று துப்பறிவதுதான் அண்ணனின் ஆராய்ச்சி. கரைசலைக் குழாயில் உறையவைத்துப் பெரிய காந்தத்தின் நடுவே நிறுத்தி, மைக்ரோவேவ் அலையைச் செலுத்த வேண்டும். ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் பதில் கொடுக்கும். திரையில் ஆறு என்ற எண்ணுக்கு நேரே ஒரு மேடு எழும்பும். ஆனால் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், இரண்டு மூலக்கூறுகள் ஓர் ஆக்ஸிஜனை நடுவில் வைத்துக் கைகோத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் தலைகீழாக நின்று கேட்டாலும் கருவியிடம் வாய் திறக்காது. புதுசாகக் கல்யாணமானவர்கள் வீட்டில் காலிங் பெல் அடித்த கதைதான்.

அண்ணனுக்கு வருடக்கணக்கில் அந்த மேடு வரவே இல்லை. திரையில் மெரினா மணல்போல ஒரே சமவெளி. ஆராய்ச்சிப் பதிவை நீட்டித்து நீட்டித்து, இனி நீட்டிக்க வழியில்லை என்று அலுவலகம் கைவிரித்துவிட்டது. அந்த மாதத்துக்குள் மேட்டோடு ஒரு வரைபடம், அதாவது ஸ்பெக்ட்ரம், வராவிட்டால் டாக்டர் பட்டம் கிடையாது, அவ்வளவுதான்.

எங்கே தப்பு என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுப்பில் மொறுமொறுவென்று காய்ந்த குழாயை எடுத்து ஆறவைப்பார். கரைசலை ஊற்றுவதற்கு முன்னால், “கடைசியா ஒரு ஊது” என்று டிரையரை வைப்பார். டிரையர் ஊதுகிற காற்று எங்கிருந்து வருகிறது? திருவான்மியூர்க் கடலிலிருந்து வருகிறது. ஈரத்தை விரட்டுவதாக நினைத்து, வெற்றிலை பாக்கு வைத்து உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார் மனிதர். ஆனால் பூனைக்கு மணி கட்டுவது யார்? குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி அவர் குழாயை ஊதுவதைப் பார்த்தால் ஒருவருக்கும் சொல்ல வாய் வராது.

கடைசி வாய்ப்பு நாளன்று காலையில் டிரையரைக் காணவில்லை.

ஆய்வகமே ரணகளமானது. மேசைக்கு அடியில் தவழ்ந்தார். என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். “இன்னைக்கா இப்படி ஆவணும்? என் பொழப்பே போச்சும்மா” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கருவிக்கான நேரம் நெருங்கியது. வேறு வழியின்றி, ஊதாத குழாயில் கரைசலை அடைத்து, சாமியைக் கும்பிட்டுக் காந்தத்துக்குள் இறக்கினார்.

ஆறுக்கு நேரே மேடு எழுந்தது. சும்மா இல்லை, பரங்கிமலை மாதிரி எழுந்தது.

நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து ஆய்வகமே ஓடிவந்தது. அண்ணன் மட்டும் அசையாமல் நின்றார். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை சாந்தோம்காரர். ஞாயிறு பூசைக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போகாதவர், அடுத்தவர் பென்சிலைக்கூடத் தொடாதவர். அவர் மெதுவாகக் கைப்பையைத் திறந்து டிரையரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நான்தான்ப்பா எடுத்தேன். எத்தனையோ தடவை சொல்ல வந்தேன், மனசு வரல. ஆண்டவர் மன்னிக்கட்டும்.”

அண்ணன் டிரையரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். “அப்போ இத்தினி வருசமா...” என்று ஆரம்பித்தவர், டிரையரின் வயரை மெல்லச் சுற்றி வைத்தார்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: “ஸ்பெக்ட்ரம் கிடைக்க இவ்வளவு வருஷம் ஆயிருக்கே, முக்கியமான காரணம் என்ன?”

சென்னையின் ஈரப்பதம் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தோம். ஒரு தப்பான பதிலில் பட்டமே தள்ளிப்போகலாம்.

அண்ணன் நிமிர்ந்து நின்று சொன்னார். “நான்தான் சார்.”

பிறகு டிரையர் புராணம் முழுவதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்க லேப்லயும் ஒரு டிரையர் இருக்குப்பா. ஊருக்குப் போனதும் முதல் வேலையா அதை ஒளிச்சு வைக்கிறேன்.”

அரங்கம் அதிர்ந்தது. பட்டம் கிடைத்தது.

இன்று உங்களுக்குக் கதை சொல்வதற்காகத்தான் அந்தப் பட்டப்பெயரை எடுத்தேன். அந்தப் பதிலைக் கேட்ட நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. வெறும் அண்ணன்தான்.